மரத்துப்போச்சு

பட்டறையிலிருந்து வந்த சத்தத்தில் ஏதோ ஒன்று சரியில்லை. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பட்டறை, அவள் கணவர் மரத்தைத் தட்டிப் பார்ப்பது இங்கே வரை கேட்கும். புதிதாக எந்தக் கட்டை வந்தாலும், கடைசல் எந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்னால் விரலை மடக்கி நாலு இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்பார். காய்ந்த மரம் கணீரென்று பதில் சொல்லும், ஈர மரம் மொத்தென்று முனகும் என்பது அவர் கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தட்டலைக் கேட்டுப் பழகியவள், எது விரல் படுகிற சத்தம், எது மரச்சுத்தியல் படுகிற சத்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். விரல் என்றால் அதில் கொஞ்சம் சதை இருக்கும், சத்தம் அமுங்கி வரும். இப்போது வந்ததில் சதையே இல்லை. மரத்தை மரத்தால் தட்டுகிற சத்தம் அது.

கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். சுத்தியல் சுவரில் அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வலதுகைக் கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவால்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது என்ன சத்தம்?"

"எது?"

"உங்க விரல்லேர்ந்து வருதே, அது."

அவர் விரலைத் தூக்கி, யாரோ கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கொஞ்ச நாளாவே மரத்துப்போயிருக்கு. கட்டைவிரல்னு பேரு வச்சவன் சும்மாவா வச்சிருப்பான்?"

அவளும் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? கடைசல் வேலை செய்கிற யாருக்கும் கை மரத்துப்போவது புதிதல்ல. எந்திரம் சுற்றச் சுற்ற, உளி வழியாக அந்த அதிர்வு விரலில் ஏறி முழங்கை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த வீட்டில் 'கை மரத்துப்போச்சு' என்பது 'பசிக்குது' என்பது மாதிரி. சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவளும் மறந்துவிடுவாள்.

அவர்கள் செய்வது அலங்காரத் தட்டுகள். உருப்படியான மரத்தில் யார் வேண்டுமானாலும் தட்டு கடையலாம். இவர்களுக்குப் பிழைப்பே உருப்படாத மரத்தில்தான். விரிசல் விட்டது, பொந்து விழுந்தது, ஓரம் அரித்தது என்று மற்றவர்கள் அடுப்புக்கு ஒதுக்குவதை அவர் தூக்கிக்கொண்டு வருவார். அந்தப் பொந்துகளை நிரப்புவது அவள் வேலை. உதிர்ந்த இலை, விதை நெற்று, பாசி, பட்டை, ஈசல் உதிர்த்த இறக்கை என்று போகிற வழியெல்லாம் பொறுக்கி வந்து டப்பாக்களில் அடைத்து வைத்திருப்பாள். அவற்றைப் பொந்துக்குள் அடுக்கி, மேலே தண்ணீர் மாதிரித் தெளிந்த ரெசினை ஊற்றிவிட்டால், ராத்திரி கழிவதற்குள் அது இறுகிக் கல்லாகிவிடும். அப்புறம் அவர் எந்திரத்தில் ஏற்றிக் கடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், இலையின் நரம்புகூட ஏதோ நேற்றுத்தான் பறித்த மாதிரி உள்ளே தெரியும். அவர் அவளைக் 'குப்பை மகாராணி' என்பார். அவள் அவரை 'மரமண்டை' என்பாள். இரண்டு பேரைத் தவிர வேறு ஆளில்லாத வீட்டுக்கு அந்தக் கேலி போதுமானதாக இருந்தது.

அவர் தட்டிக்கொண்டிருந்த கட்டை, வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரம் ஒதுங்கிக் கிடந்தது. பட்டை முழுக்க உரிந்துபோயிருந்தது. எந்த மரம் என்று அவருக்கே பிடிபடவில்லை. மரக்கடைக்காரரிடம் காட்டியதற்கு அவரும் உதட்டைப் பிதுக்கினார். நடுவில் கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. பட்டறையில் எத்தனை நாள் கிடந்தும் அதன் கனம் குறையவில்லை. "இதுக்குள்ள எங்கேயோ தண்ணி இருக்கு, விட மாட்டேங்குது," என்று அவர் செல்லமாகக் குறைபட்டுக்கொண்டார். பொறுமையில்லாமல் ஒருநாள் எந்திரத்தில் ஏற்றியும்விட்டார்.

சீவல்கள் சுருள் சுருளாக, ஈரமாக வந்து விழுந்தன. கூட்டி அள்ளும்போது அவளுக்கு ஒரு மணம் அடித்தது. எங்கேயோ பழகிய மணம். முறத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து மடியில் தலை வைத்துப் படுத்தால் அவர் உச்சந்தலையில் வருமே, அந்த மணம். மரத்தூளும் அவரும் ஒரே அறையில் கிடப்பதால் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தச் சீவலை மட்டும் அடுப்பில் போட மனசு வரவில்லை, ஒரு மூலையில் கொட்டிவைத்தாள்.

பொந்தை அவள்தான் நிரப்பினாள். ரெசின், அதை இறுக வைக்கிற ஹார்டனர் என்று இரண்டு பாட்டில்களிலிருந்தும் சரியான அளவில் எடுத்து, நுரைக்காமல் நிதானமாகக் கலக்கி ஊற்றினாள். காலையில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுத்தது. மறுநாளும் அப்படியே. ஹார்டனர் குறைந்திருக்கும் என்று சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி கலந்து ஊற்றினாள், அதுவும் இறுகிப் பிடிக்கவில்லை. விரல் வைத்த இடம் கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஊற்றியது ஒன்றுகூடப் பிடிக்காமல் போனதில்லை.

அதே வாரம்தான் துணி துவைக்கும்போது அவருடைய சட்டைகளைக் கவனித்தாள். காலரில் அழுக்கு இருந்தது, மரத்தூள் இருந்தது. வியர்வை மட்டும் இல்லை. புழுக்கம் தாங்காமல் தெருவே விசிறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பகலெல்லாம் எந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற மனுஷனின் சட்டை, அலமாரியிலிருந்து எடுத்த மாதிரிக் காய்ந்து கிடந்தது.

மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் கட்டைவிரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு ஊசியை எடுத்துக் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க டாக்டர்."

ஊசியை எடுக்கப் போனார், வரவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. மருத்துவர் இன்னொரு கையால் விரலைப் பிடித்துக்கொண்டு அசைத்து அசைத்துப் பிடுங்கினார். ரத்தம் வரவில்லை. ஒரு நொடி அவர் முகத்தில் என்னவோ ஓடியது. அதற்குள் வெளியே யாரோ குழந்தையோடு அழுதுகொண்டு வர, அவர் கண் அந்தப் பக்கம் போய்விட்டது.

"நல்லா காய்ப்பு காய்ச்சிருக்கு. அதிர்வுல நரம்பு மரத்துப்போறது உங்க தொழில்ல சகஜம்தான். கொஞ்ச நாள் மிஷினத் தொடாதீங்க."

மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். வரும் வழியெல்லாம் அவர் ஊசி கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் அவரை உட்கார வைத்து, நகம் வெட்டிவிட உட்கார்ந்தாள். நகவெட்டி கட்டைவிரலில் பட்டதும் நகம் துண்டாக விழவில்லை. மெல்லிய சுருளாக, சீவலாக வந்தது. நகம் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். எல்லை இல்லை. கையைத் திருப்பினாள். விரல் நுனியில் இருக்க வேண்டிய ரேகை நுனியோடு நிற்காமல் கீழே இறங்கியிருந்தது. கணுவைச் சுற்றிக்கொண்டு, உள்ளங்கையைக் கடந்து, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள்ளே போயிருந்தது. வளையம் வளையமாக. அந்த வளையங்களை அவளுக்குத் தெரியும். தினமும் தட்டுகளில் எண்ணெய் தடவித் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குகிற வளையங்கள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

அவள் அவர் சட்டைக் கையை மேலே தள்ளினாள். தோள் வரைக்கும் போயிருந்தது.

அவருக்கும் சிரிப்பு நின்றது. மறு கை விரலால் அந்த வளையங்களைத் தடவினார். பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல, "ரேகையோட ஓட்டம் நேரா நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவள் எழுந்து பட்டறைக்குள் ஓடினாள். ஆற்றோரத்துக் கட்டையில் கடைந்த அந்தத் தட்டை எந்திரத்திலிருந்து கழற்றினாள். கனத்தது. கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டு, கோடரியை எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். பொந்திலிருந்த ரெசின் வெயிலில் ஈரமாக மின்னியது. அதிலிருந்து வெதுவெதுவென்று ஒரு காற்று வந்து அவள் காலில் பட்டது. அவர் உச்சந்தலை மணம். வீட்டுக்குள்ளிருந்து அவர் பெரிதாக மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த மூச்சு முடிந்ததும் இங்கே தட்டிலிருந்து காற்று வந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி வந்தது. கோடரியை மெதுவாகக் கீழே வைத்தாள். இதை வெட்டினால் எது சாகும்? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை அவளால் வெட்ட முடியவில்லை. தட்டை அள்ளிக்கொண்டு வந்து, குழந்தையை வைப்பதுபோலப் பட்டறைப் பலகையில் வைத்தாள்.

மத்தியானம் அவர் பட்டறை முக்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"முட்டி நிமிர மாட்டேங்குது. ஒரு கை குடு."

கொடுத்தாள். இழுத்தாள். அக்குளில் தோள் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அவர் ஒல்லியான மனிதர்தான், ஆனால் இப்போது அறுக்காத அடிமரத்தின் கனம். காலை முக்காலியிலிருந்து பிரிக்க முடியவில்லை. எது முக்காலி, எது கால்?

அவசர வண்டிக்குப் போன் செய்தாள். வார்த்தை வாயில் குழறியது.

"எங்க வீட்டுக்காரர்... கையும் காலும் மரத்துப்போச்சு. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

"பேசறாரா?" அந்தப் பக்கத்துப் பெண்குரல் நிதானமாகக் கேட்டது.

"பேசறாரு. ஆனா மரத்துப்போச்சு. முழுசா."

"மூச்சு விடறதுல கஷ்டம் இருக்கா?"

அவள் பலகையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "இல்ல... தெரியல. மரமாவே ஆயிட்டாருங்க!"

"புரியுதும்மா. மரத்துப்போயிருக்கு. வண்டியெல்லாம் வெளிய போயிருக்கு, வந்ததும் அனுப்பறோம். அதுவரைக்கும் கை கால நல்லா தேச்சு விடுங்க."

இதைவிட வேறு எப்படிச் சொல்வது? நிஜத்தைத்தான் சொல்கிறாள். ஆனால் நாளுக்கு நாலு தடவை எல்லார் வாயிலும் புழங்குகிற சொல் அது; கேட்கிற காதெல்லாம் அதைக் கேட்டதும் சமாதானமாகிவிடுகிறது. அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவருடைய அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, அவருக்கு உடம்பெல்லாம் மரத்துப்போச்சு. எனக்கு பயமா இருக்கு."

"அட, சின்ன வயசுலேர்ந்தே அவன் ஒரே இடத்துல சம்மணம் போட்டு உக்காருவான். சுடுதண்ணி ஒத்தடம் குடு, சரியாப்போயிடும்."

"இல்ல அண்ணி, நிஜமாவே மரத்துப்போச்சு!"

"நிஜமாவே மரத்துப்போனா நல்லா சூடா குடு. நான் பஸ் புடிச்சு வரேன்."

செய்தாள். செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்ற ஆறுதலில் ஓடி ஓடிச் செய்தாள். தண்ணீர் கொதித்தது. துண்டை முக்கி, பிழிந்து, ஆவி பறக்கத் தோளில் வைத்தாள். நெஞ்சில் வைத்தாள். மறுபடி முக்கினாள், மறுபடி வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளியே வெயில் தகித்தது. பட்டறைத் தகரக் கூரை சூட்டில் நெளிகிற சத்தம் மட்டும் மேலேயிருந்து வந்தது.

டிக்.

கூரை இல்லை.

டிக். டிக்.

அவள் கை துண்டோடு நின்றது. அந்தச் சத்தத்தைத் தெரியாதவள் இந்தத் தொழிலில் யார் இருக்கிறாள்? ஈரம் போகாத மரத்தைக் கொண்டுபோய் வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால், அது முதலில் இப்படித்தான் பேசும். சூடு காட்டாதே, மரம் வெடிக்கும். கல்யாணமாகி வந்ததும் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். அவள் அவரை மனுஷனாக நினைத்து ஒத்தடம் கொடுத்துவிட்டாள். சட்டென்று துண்டை எடுத்தாள்.

கழுத்தெலும்புக்குக் கீழே மயிரிழையாக ஒரு கோடு. ரத்தம் இல்லை. கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே இறங்கியது.

டிக்.

"விரிசல் விடுதா?" கண்ணைத் திறக்காமல் கேட்டார். குரல் எங்கேயோ அறைக் கோடியிலிருந்து வருவதுபோல வந்தது.

"ஆமாங்க."

"எந்தப் பக்கமா போகுது?"

அவள் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "நெஞ்சுப் பக்கமா."

"ஆழமா?"

விரல் நுழைகிற அகலம் ஆகிவிட்டது. உள்ளே இருட்டாக இருந்தது. "ஆமாங்க, ஆழம்தான்."

அவர் கண்ணைத் திறந்தார். அதில் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது. "அழாத, குப்பை மகாராணி. நெஞ்சு ரெண்டாப் பொளக்கறதுக்குள்ள ஊத்திடு."

"நான் மாட்டேன். என்னால முடியாதுங்க."

"வேற என்ன பண்ணப் போற? ஊத்துடி."

டிக். டிக். டிக்.

வேறு என்ன செய்யத் தெரியும் அவளுக்கு? இந்த மனுஷன் போய்விட்டால் இந்த உலகத்தில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை. பாட்டில்களைத் திறந்தாள். கலக்கினாள். ஆழமான விரிசலில் ஒரே மூச்சாக ஊற்றக் கூடாது, அடுக்கடுக்காகத்தான் ஊற்ற வேண்டும், ஒரு அடுக்கு ஆறிய பிறகே அடுத்தது. தெரியும். எல்லாம் தெரியும். ஆறுவதற்கு எங்கே நேரம்? கோடு நெஞ்சுக்குழியைத் தொட்டுவிட்டது. அவர் தலையை அவளால் பின்னால் சாய்க்க முடியவில்லை. ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பி, முக்காலியோடு மொத்தமாகச் சுவரில் சாய்த்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்தாள். விரிசல் குடித்தது. இன்னும் கலந்தாள். குடித்தது. இருந்த பாட்டிலெல்லாம் காலியான பிறகுதான் விளிம்பு வரைக்கும் நிரம்பியது.

சத்தம் நின்றது.

விரிசல் நின்ற இடத்திலேயே நின்றது. தரையில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைக்குள் வெதுவெதுப்பு தட்டியது. முதலில் நம்பவில்லை. இன்னொரு கையையும் வைத்தாள். சூடு. உடம்புச் சூடு! கட்டையாகிப்போன உடம்பில் சூடு ஏறுகிறது.

"என்னங்க, சூடு வந்துடுச்சு! உங்களுக்கு உடம்பு சூடு வந்துடுச்சுங்க!" அழுகையும் சிரிப்புமாக அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் எதையோ சொல்ல முயன்றார். தாடை அசையவில்லை. உதடு மட்டும் ஒரு எழுத்துக்குக் குவிந்தது.

"சு..."

சூடு ஏறிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் சூடு. அதையும் தாண்டியது. அவள் உள்ளங்கை பொறுக்கவில்லை.

அவர் அடுக்கடுக்காக ஊற்றச் சொன்னதன் காரணம் அப்போதுதான் அவள் புத்தியில் ஏறியது. ஆழத்தில் மொத்தமாக ஊற்றினால் ரெசின் இறுகும்போது தானாகவே கொதிக்கும். இது அவர் சூடு இல்லை.

"சு..."

கையை எடுத்தாள். ஊற்றியதை எதால் தோண்டுவது? உளியாலா? அவரையா? கலந்த ஹார்டனரை யாராலும் பிரிக்க முடியாது. தண்ணீர் ஊற்றினாள், அது மேலாக வழிந்து தரையில் ஓடியது.

விரிசல் இப்போது கண்ணாடி. உள்ளே அடிவரைக்கும் தெரிந்தது. வளையம் வளையமாக மரம். அதற்கும் கீழே, சிவப்பாக, கைமுட்டியளவில் ஒன்று. அது இன்னும் மரமாகவில்லை. துடித்தது.

அதன் பக்கத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. மெல்ல மேலே வந்து உடைந்தது. இன்னொன்று கிளம்பியது. ஊற்றினால் குமிழி வருவதும், லைட்டரைக் காட்டினால் அது உடைவதும் வழக்கம்தான். அவளை அறியாமல் அவள் கை லைட்டரைத் தேடிப் பலகையில் துழாவியது. கை எதைத் தேடுகிறது என்று புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது குமிழி தடுமாறித் தடுமாறி வந்தது. பாதி வழியில் நின்றது.

விரல் நுனியால் தொட்டாள். பிசுபிசுக்கவில்லை. பிடித்துவிட்டது.

அவர் கண் அவளையே பார்த்தது. இமைக்கவில்லை. பார்த்தது.

நின்ற குமிழிக்குக் கீழே இன்னொரு குமிழி வந்து முட்டியது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே, சிவப்பு துடித்துக்கொண்டிருந்தது.